பெயரும் குறியும்: டெங்குக் காய்ச்சலைத் தொடக்கத்தில் அறிந்த வரலாறு – வித்துராவை முன்வைத்து

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடிக்குச் செல்லும் வழியில் அமைந்த மலையடிவார ஊர் வித்துரா. சித்த மருத்துவ மரபு தன் முதல்வராகப் போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய மலைத்தொடர் இதனை அடுத்துள்ளது. இங்கு வழங்கும் மலையாளத்தில் காய்ச்சல் 'பனி' எனப்படும். டெங்கு, 'டெங்கிப்பனி' ஆகும். தமிழில் குளிர்ச்சியைச் சுட்டும் சொல் அங்கு வெப்பநோயைச் சுட்டுவது முரணாகத் தோன்றலாம். எனினும், பனித்தல் என்பதற்கு நடுங்குதல் என்னும் பொருள் சங்க இலக்கிய வழக்கிலேயே உண்டு. நடுக்கமாகிய குறியே நோய்க்குப் பெயராயிற்று எனக் கருத இடமுண்டு.

குறியைக் கொண்டு நோய்க்குப் பெயரிடுவது மருத்துவ மரபுகள் பலவற்றுக்கும் பொதுவான நெறி. டெங்குவைப் பொறுத்தவரை அந்நெறியே நீண்டகால மயக்கத்திற்கும் வழிவகுத்தது.

பெயர் தந்த மயக்கம்

இந்தியாவில் டெங்குவை ஒத்த கொள்ளைநோய் முதன்முதலில் 1780இல் சென்னையில் பதிவானதாக மருத்துவ வரலாற்று நூல்கள் குறிக்கும். அதே ஆண்டில் பிலடெல்பியாவில் பரவிய காய்ச்சலை விரித்தெழுதிய பெஞ்சமின் ரஷ், மக்கள் அதனை 'எலும்பு முறிக்கும் காய்ச்சல்' என அழைத்ததைப் பதிவுசெய்தார். 'டெங்கு' என்னும் பெயர் 1827-28இல் கரீபியத் தீவுகளில் பரவிய நோயையொட்டி வழக்கிற்கு வந்தது. திடீர்க் காய்ச்சல், தோலில் தடிப்பு, கடுமையான உடல்வலி ஆகியவையே அக்கால மருத்துவர்க்கு அடையாளங்கள். அவற்றுள்ளும் வலியே முதலிடம் பெற்றது.

1952-53இல் டாங்கனிக்காவில் சிக்குன்குன்யா தனிநோயாக இனங்காணப்பட்டது. 'உடல் வளைந்துபோதல்' என்னும் பொருளுடைய மக்கோண்டே மொழிச்சொல் அது. அங்கும் வலியே பெயராயிற்று. 1964இல் அந்நோய் சென்னையிலும் வேலூரிலும் பரவியது. வேலூரில் காய்ச்சலுற்றோரின் குருதியிலிருந்து டெங்கு வைரசுகளைப் பிரித்தெடுத்த ஆய்வாளருள் ஒருவரான டொனால்டு கேரி, 1971இல் வெளியிட்ட வரலாற்றுக் கட்டுரையில், பழைய 'டெங்கு'க் கொள்ளைநோய்கள் பலவும் உண்மையில் சிக்குன்குன்யாவாக இருந்திருக்கலாம் என வாதிட்டார். நீடித்த மூட்டுவலியே அவருக்குச் சான்று. இவ்வாதத்தை ஏற்பின், 'டெங்கு' என்னும் பெயரே முதலில் பிறிதொரு நோய்க்கு இடப்பட்டதாகும். சொல் நிலைத்திருக்கப் பொருள் மாறுவது மொழியாராய்வோர்க்குப் புதிதன்று. மருத்துவத்தில் அதன் விளைவு கடுமையானது. மூட்டுவலிக்குத் தரும் ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மருந்துகள் டெங்குவில் குருதிப்போக்கை மிகுவிக்கக்கூடும்.

காய்ச்சல் தணியும் நாள்

1943இல் ஜப்பானில் டெங்கு வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. எனினும் நோயறிதலின் போக்கை மாற்றியது ஆய்வகம் மட்டுமன்று. 1953-54இல் மணிலாவிலும் 1958இல் பாங்காக்கிலும் குழந்தைகளைப் பலிகொண்ட குருதிப்போக்குக் காய்ச்சலே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. பாங்காக் குழந்தைகளை நாள்தோறும் கவனித்த சுசித்ரா நிம்மானித்யா முதலிய மருத்துவர்கள் ஓர் உண்மையை நிலைநாட்டினர். காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது அன்று, அது தணியும்போதே இடர் தொடங்குகிறது. பெரும்பாலும் 3 முதல் 7 நாள்களுக்குள் குருதிநீர் நாளங்களிலிருந்து கசிகிறது, குருதி செறிவடைகிறது, தட்டணுக்கள் குறைகின்றன. உடல் குளிர்ந்ததை நலம் எனக் கொண்ட பழைய கணிப்பு இதனால் தலைகீழாயிற்று.

மேற்கையில் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றி, இரு அழுத்த அளவுகளுக்கும் இடையில் 5 நிமிடம் நிறுத்தி, ஓர் அங்குலச் சதுரத்தில் எழும் செம்புள்ளிகளை எண்ணும் எளிய சோதனையும் இடம்பெற்றது. 10 புள்ளிகளோ அதற்கு மேலோ தோன்றின் ஐயத்திற்கு வலுவுண்டு. தோன்றாமை டெங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட நெறிமுறை கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு முதலியவற்றில் குருதிக்கசிவு, சோர்வு ஆகியவற்றை எச்சரிக்கைக் குறிகளாக முன்னிறுத்தியது.

மலையடிவாரத்தில்

கேரளத்தில் டெங்கு 1997இல் கோட்டயம் மாவட்டத்தில் அறியப்பட்டது. 2003இல் மாநிலத்தில் 3,546 பேர் நோயுற்றதாகவும் 68 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு கூறும். நகரத்து ஏடிஸ் எஜிப்தியைவிடத் தோட்டப்பகுதியின் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவே அங்கு மிகுதி. ரப்பர்ப் பால் ஏந்தும் சிரட்டையில் தேங்கும் மழைநீர் அதற்குப் போதும். வித்துராவைச் சூழ்ந்தனவும் இத்தகைய தோட்டங்களே.

எலிக்காய்ச்சலும், 2006-07இல் பரவிய சிக்குன்குன்யாவும் இதே மழைக்காலத்தில், இதே உடல்வலியுடன் தொடங்குவன. முதல் 5 நாள்களுக்குள் என்எஸ்1 சோதனையும் அதன்பின் ஐஜிஎம் சோதனையும் இவற்றைப் பிரித்தறிய உதவுகின்றன. எனினும் என்எஸ்1 சோதனையின் விடை நோயின் பெயரை மட்டுமே தரும். நாளை என்ன ஆகும் என்பதைக் கூறாது. அதற்கு மீண்டும் மீண்டும் எடுக்கும் குருதிக் கணக்கும், எச்சரிக்கைக் குறிகளைத் தேடும் கண்ணும் வேண்டும். காய்ச்சல் விட்டது எனக் கருதி விடியலில் பால்வெட்டுக்குக் கிளம்பும் தொழிலாளியை, அந்த ஒருநாளேனும் மருத்துவமனையில் மறுபடி பார்க்க வேண்டியிருப்பது இதனாலேயே.