பன்னிரண்டு மாத நரிகள்

எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி மதுரை ரோட்டில் தெற்கே போனால் விராலிமலை, அப்புறம் கொடும்பாளூர். சிலப்பதிகாரத்தில் கொடும்பை என்று வருவது இந்தக் கொடும்பாளூர்தான். உறையூரை விட்டு மதுரைக்குக் கிளம்பிய கோவலனும் கண்ணகியும் நடந்த திசை இது. பள்ளிக்கூடப் பாடத்தில் புகாரும் மதுரையும் மனதில் நிற்கும். நடுவிலே கிடக்கும் திருச்சியை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தவறு செய்தவரை என்ன செய்வது என்ற பேச்சு அந்தப் பயணத்தில் எழுவது நம்ம ஊர் ஆற்றங்கரையில்தான்.

முதலில் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். கண்ணகியின் அப்பா மாநாய்கன். கடல் வணிகர் தலைவனைக் குறிக்கும் பெயர் அது. கோவலனின் அப்பா மாசாத்துவான், தரைவழி வணிகக் கூட்டத்தின் தலைவன். கதை காப்பியக் கதையாக இருக்கலாம், ஊர் நிஜம். பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் தொல்லியல் துறை 1960களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. உறையூருக்கும் அந்தக் கடலோடு தொடர்பு இருந்தது. 'பெரிப்ளுஸ்' என்ற கிரேக்க நூல் சொல்லும் அர்காரு மஸ்லின் உறையூர்த் துணி என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

கோவலனின் முன்னோர் ஒருவர் கடலில் கப்பல் உடைந்து தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் காப்பாற்றியதாம். அந்த நன்றியில் கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தான். மகள் பிறந்தது மாதவிக்கு. 1008 கழஞ்சு பொன் விலை சொன்ன மாலையை வாங்கி மாதவி வீட்டுக்குப் போனவன், கடைசியில் குலத்தின் கடல் நினைவையும் அங்கேயே கொடுத்துவிட்டான். பணம் போனதைவிட இது கண்ணகிக்கு அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாம் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு அவன் திரும்பி வந்தபோது அவள் சண்டை போடவில்லை. சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இதைத்தான் நாம் மன்னிப்பு என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஆற்றங்கரைக்கு வருவோம். சமணத் துறவி கவுந்தியடிகளோடு அரங்கத்துக்கு வந்தவர்கள், படகேறிக் காவிரியின் தென்கரையில் இறங்குகிறார்கள். அங்கே ஒரு பரத்தையும் அவளோடு வந்த வெட்டிப்பேச்சுக்காரனும், இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்வார்களா என்று நக்கல் செய்கிறார்கள் இருவரும். கவுந்தி சபிக்க, நரிகளாகிவிடுகிறார்கள்.

அடிபட்டவர்கள் கோவலனும் கண்ணகியும்தான். ஆனால் நடுங்கிப்போய்ப் பரிந்து பேசுவதும் அவர்கள்தான். வழி தவறியவர்கள் எதையாவது சொன்னால் அறியாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இவர்களுக்கு மீட்பு எப்போது என்று கேட்கிறார்கள். உறையூர் மதிலுக்கு வெளியே காட்டில் பன்னிரண்டு மாதம் அலைந்துவிட்டுப் பழைய உருவம் பெறட்டும் என்கிறார் கவுந்தி.

வழி தவறியவர்கள் என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்பது யார்? வழி தவறித் திரும்பிய ஒருவன், அவனோடு கிளம்பி வந்த ஒருத்தி. தங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளாத இருவரும் வேறு யாருக்காகவோ மன்னிப்புக் கேட்கிறார்கள். கிடைக்கும் மன்னிப்பும் இலவசம் இல்லை. அதற்கு ஒரு கெடு உண்டு, அலைச்சல் உண்டு.

உறையூருக்குத் தெற்கே கோவலனுக்கும் ஒரு சோதனை வருகிறது. தண்ணீர் தேடிப் பொய்கைக்குப் போனவன் முன்னால், மாதவியின் தோழி வசந்தமாலை உருவத்தில் ஒரு கானுறை தெய்வம் நிற்கிறது. அவன் மயங்கவில்லை. மனம் திருந்திவிட்டேன் என்று சொல்வது சுலபம். யாரும் பார்க்காத இடத்தில் திருந்தியிருப்பது வேறு.

கண்ணகி வாய் திறப்பது மதுரை ஆயர்சேரியில். உனக்கு என்னவெல்லாம் செய்துவிட்டேன் என்று அவனே புலம்பிய பிறகுதான். விருந்தினரைக்கூட உபசரிக்க முடியாமல் இருந்தேன், உங்கள் அப்பா அம்மாவிடம் சிரிப்பதுபோல் நடித்தேன், நீங்கள் செய்தது நல்லவர்கள் செய்யும் காரியம் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். ஆனாலும் உங்கள் சொல்லை மாற்றாத வாழ்க்கை என்னுடையது, அதனால் எழுந்து வந்தேன் என்கிறாள்.

கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவளைப் பொறுமையின் சிலையாக்குவது நமக்கு வசதி. முந்தைய வாக்கியங்களும் அவளுடையவைதான். முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னவள்தான் கூடவும் நடந்தாள். சொல்லாமல் விழுங்கியிருந்தால் அதற்குப் பெயர் மன்னிப்பு இல்லை, பயம்.

நரிகளுக்காவது பன்னிரண்டு மாதம் கிடைத்தது. கோவலன் அவள் பேசியதைக் கேட்டான், ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். திரும்பி வரவில்லை.