மறுகால் எங்கே என்று கேளுங்கள்



சாரல் சீசன் வந்தால் நம்மில் பலர் குடும்பத்தோடு குற்றாலம் கிளம்பிவிடுவோம். பேரருவியில் கூட்டம் என்றால், "தனி அருவி இருக்கிற ரிசார்ட்டுக்குப் போயிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீரோடைகளைத் திருப்பித் தனியார் செயற்கை அருவி அமைப்பது பற்றிய வழக்கில், ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்குமாறு 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

தண்ணீரைத் தேக்குவது நமக்குப் புதிதல்ல. தென்காசி வட்டாரத்துக் குளங்களின் கரைகள் மண்ணால் ஆனவைதான். மண் கரைக்கு எமன், அதன் மேலேறி வழியும் தண்ணீர். வழிந்தால் மண் அரித்து உடைப்பெடுத்துவிடும். அதனால்தான் நம் முன்னோர், கரையைவிடத் தாழ்வாகக் கல் கட்டி மறுகால் வைத்தார்கள். மடை பாசனத்துக்கு, மறுகால் கரையைக் காப்பாற்ற.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணை சாட்சி. கால்வாய்ப் போக்குவரத்துக்காகப் பென்சில்வேனியா அரசு கட்டிய மண் அணை அது. பல கைமாறி, 1879-இல் பிட்ஸ்பர்க் செல்வந்தர்களின் மீன்பிடி கிளப்புக்கு வந்தது. தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் அதில் உறுப்பினர். தண்ணீரைத் திறந்துவிட அடியில் இருந்த இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றிருந்தார். கிளப் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. குதிரை வண்டிகள் போக வசதியாகக் கரையின் உயரத்தைக் குறைத்தார்கள். மீன்கள் தப்பாதிருக்க மறுகாலில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று, கனமழையில் தடுப்பைக் குப்பை அடைத்தது. தண்ணீர் கரை மேல் ஏறி, அணை உடைந்தது. சுமார் 22 கி.மீ. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரமும் வழியிலிருந்த ஊர்களும் சிக்கி, 2,209 பேர் இறந்தார்கள். கிளப்பின் மீது போட்ட வழக்குகள் எதுவும் ஜெயிக்கவில்லை.

தேக்கியவரின் பொறுப்பு பற்றி நம் பக்கத்திலும் ஒரு பழைய வழக்கு உண்டு. தன் நிலத்தில் தேக்கிய நீர் வெளியேறி அண்டையாருக்குச் சேதம் செய்தால் தேக்கியவரே பொறுப்பு என்று 1868-இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. அன்றைய சென்னை மாகாணத்தில் கார்வேட்நகரம் ஜமீனின் குளங்கள் உடைந்து ரயில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டபோது, ரயில்வே கம்பெனி அதே விதியைக் காட்டி வழக்காடியது. 1874-இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. குளம் காப்பது ஊர் நன்மைக்காக ஜமீன்தாருக்கு உள்ள கடமை. கவனக்குறைவு இல்லாதபோது அவர் பொறுப்பாக மாட்டார் என்றது.

ஊருக்காகத் தேக்கியவருக்குக் கிடைத்த சலுகை அது. வாடிக்கையாளர் குளிக்கவும் படகு விடவும் தேக்குபவர் அதே சலுகையைக் கேட்பது நியாயமா?

அடுத்த முறை அறை பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது? மறுகால் எங்கே? அதற்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள்? பதில் வரவில்லை என்றால், பேரருவி வரிசையிலேயே நின்று குளித்துவிட்டு வாருங்கள்.