இரத்மலானை, கைதடி, கைத்தொலைபேசி

பதிவு கொஞ்சம் நீளம். நேரமுள்ளபோது வாசியுங்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கு நாங்கள் போனில் வீடியோ காட்டிப் படிப்பிக்கிறோம் என்று கேள்விப்பட்ட சிலர், "இதெல்லாம் இப்ப வந்த புதுப்பழக்கம்" என்கிறார்கள். வேறு சிலர், "வாயால பேசப் பழக்குங்கோ, கையாட்டப் பழக்காதீங்கோ" என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது.

1760 அளவில் பாரிஸில் அபே த லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துச் சைகையில் படிப்பித்தார். அந்தப் பாடசாலையில் படித்து அங்கேயே ஆசிரியரான லோரன் கிளேர், தானும் காது கேளாதவர். அவர் கப்பலேறிப் போய் 1817இல் தாமஸ் கலோடெட்டுடன் சேர்ந்து அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட்டில் பாடசாலை தொடங்கினார். வெளிநாட்டைப் பார்த்துப் படிப்பது இந்தத் துறையில் நேற்று வந்ததில்லை.

பிறகுதான் கெடுதி வந்தது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூடி, பாடசாலைகளில் சைகை வேண்டாம், உதட்டைப் பார்த்து வாயால் பேசும் முறைதான் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் காது கேளாதவர் ஒரேயொருவர். யாருடைய மொழியைப் பற்றிப் பேசினார்களோ அவர்களைக் கேட்கவில்லை. வன்னியில் வாழ்கிற எங்களுக்கு இந்த மாதிரித் தீர்மானம் எப்படி எடுக்கப்படும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. உலகின் பல பாடசாலைகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்தார்கள், பிரம்பால் அடித்தார்கள். 2010இல் கனடாவின் வன்கூவரில் கூடிய சர்வதேச மாநாடுதான் அந்தத் தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. 130 வருடம்!

எங்கள் பக்கம் வருவோம். தென்னிந்தியாவில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண் 1890களில் காது கேளாதோர் பாடசாலையைத் தொடங்கினார். இலங்கையில் 1912இல் மேரி சப்மன் தொடங்கிய பாடசாலைதான் இன்றும் இரத்மலானையில் இருக்கிறது. அதோடு அவர் நிற்கவில்லை. 1920இல் ரங்கூனிலும் ஒன்று தொடங்கினார், அது இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளும் இரத்மலானைக்குத்தான் போகவேண்டியிருந்தது. 1956இல் அவர்களுக்கென்று யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது. (மொறிஸ் கார் செய்த ஆங்கிலப் பிரபுவின் பெயர்தான் நஃபீல்ட். மொறிஸ் மைனர் ஓடிய எங்கள் அப்பாமாருக்கு இது தெரிந்தால் சந்தோசப்படுவார்கள்.)

கைதடி வந்தது பெரிய காரியம். ஏன் என்று விளங்க நிகரகுவா நாட்டைப் பாருங்கள். அங்கே 1977க்குப் பிறகுதான் மனாகுவா நகரில் காது கேளாத பிள்ளைகள் பெருந்தொகையாக ஒரு பாடசாலையில் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவில் படிப்பிக்கப் பார்த்தார்கள், அது பெரிதாகச் சரிவரவில்லை. ஆனால் பிள்ளைகள் முற்றத்திலும் பஸ்ஸிலும் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து, சில வருடங்களில் இலக்கணத்தோடு ஒரு புது மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். மொழியியல் அறிஞர்கள் போய்ப் பார்த்து எழுதினார்கள். வீட்டில் தனியே இருக்கும் பிள்ளைக்குச் சோறு, தண்ணி, போ, வா என்று பத்து இருபது சைகைதான் இருக்கும். பத்துப் பிள்ளை சேர்ந்தால்தான் "நேற்று", "ஏன்", "பயம்" என்பதெல்லாம் வரும்.

வன்னிப் பிள்ளைக்கு அந்தச் சேர்க்கைதான் கிடைக்காமல் போனது. யுத்த காலத்தில் ஏ9 பாதை வருடக்கணக்கில் மூடிக்கிடந்தது. 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் திரும்பவும் மூடினார்கள். முல்லைத்தீவிலிருந்து கைதடி வரைபடத்தில் கிட்டத்தான், போகத்தான் வழியில்லை. வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லம் போன்ற இடங்கள் சில பிள்ளைகளை ஏந்திக்கொண்டன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பங்களும் புத்தளம் பக்கம் போயின. அந்த நடையில் காது கேளாத ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஏன் வீட்டை விட்டுப் போகிறோம் என்று சொல்ல உம்மாவிடமும் வாப்பாவிடமும் ஒரு சைகை இல்லை. 2009இல் அதே நிலை தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும். ஷெல் விழும் சத்தமும் கேட்காது, ஏன் ஓடுகிறோம் என்றும் தெரியாது.

இனித் தொழில்நுட்பம். தொலைபேசிக்கு 1876இல் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல் காது கேளாதோரின் ஆசிரியர். அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் காது கேளாது. அப்படியிருந்தும் சைகைக்கு எதிராக நின்றவர், அவர் செய்த கருவியும் காது கேளாதவரை வெளியே நிறுத்தியது. 1964இல் காது கேளாத பௌதிகவியலாளர் ரொபர்ட் வைட்பிரெக்ட்தான் தட்டச்சுக் கருவியைத் தொலைபேசியோடு இணைத்து எழுத்தால் பேச வழி செய்தார். அந்தக் கருவியை எங்கள் ஊர் கண்டதேயில்லை, நேரே ஸ்மார்ட் போனுக்கு வந்துவிட்டோம். 2016இல் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தபின், புதுக்குடியிருப்பில் இருக்கும் பெடியன் யாழ்ப்பாணத்து நண்பனோடு கையால் கதைக்கிறான். சிக்னல் போனால் அவனுக்கு வரும் கோபத்தைப் பார்க்கவேண்டும்!

ஆனால் போன் மட்டும் போதாது. கொரோனாக் காலத்தில் பல வாட்ஸ்அப் குழுக்களில் பாடம் குரல் பதிவாகவே வந்தது. மாஸ்க் உதட்டை மறைத்தது. யூடியூப்பில் அமெரிக்கச் சைகை வீடியோ ஏராளம், ஆனால் சைகை ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவின் சைகை மொழி நிலையம் 2021இல் 10,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது. பெரிய வேலை, படித்துப் பயன் எடுக்கிறோம். அதில் எங்கள் பிள்ளைகளின் கை அப்படியே இல்லை.

அதனால் கைதடியில் படித்து ஊர் திரும்பிய பெரியவர்களைக் கூட்டிவந்து சைகை காட்டச் சொல்லி, போனில் பிடித்துப் பாடத்தோடு சேர்க்கிறோம். குளம், வாய்க்கால், வங்கி, கிளினிக் என்று அன்றாடச் சொற்கள் முதலில். சில சொல்லுக்கு இரண்டு சைகை வருகிறது, இரண்டையும் வைத்திருக்கிறோம். தாய்மாரும் வந்து பழகுகிறார்கள். வாப்பாமார்தான் குறைவு. இலங்கை 2016இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரை, சைகை மொழி கற்க வசதி செய்யச் சொல்கிறது. பாடசாலையில் இடமில்லை என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் கிராமத்தில் காது கேளாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளை இருந்தால், கமெண்டில் பெயரோ படமோ போடவேண்டாம். தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டு இன்பொக்ஸில் எழுதுங்கள். வயது கூடிவிட்டது என்று நினைத்து விடவேண்டாம்.