பிராம் கப்பலில் போன நாய்கள்



ஒஸ்லோவில் பிக்டொய் பக்கம் போனால், அருங்காட்சியகத்துக்குள் ‘பிராம்’ கப்பல் நிற்பதைக் காணலாம். 1910 ஓகஸ்ட்டில் றோல் அமுண்ட்சன் தென்துருவப் பயணத்துக்கு நோர்வேயிலிருந்து புறப்பட்டது இதில்தான். கிறீன்லாந்திலிருந்து எடுப்பித்த 97 நாய்களும் கூடப் போயின.

நாய்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொறுப்பாள் வைத்தார்கள். தினமும் பார்க்கிற ஆளையே நாய் நம்பும். ஈரம் படாமலிருக்க மேல்தளத்தில் இன்னொரு பலகைத்தளம் போட்டார்கள். வெயிலுக்குச் சீலைப்பந்தல் கட்டினார்கள். சண்டைக்குப் பயந்து முதலில் கட்டியே வைத்திருந்தார்கள். பிறகு வாய்க்கூடு போட்டு அவிழ்த்துவிட்டபோது, பயந்த அளவுக்குச் சண்டை வரவில்லை. வழியில் குட்டிகளும் பிறந்ததால், அந்தாட்டிக்காவில் இறங்கும்போது தொகை நூறைத் தாண்டியிருந்தது.

1911 ஒக்டோபரில் ஐந்து பேர் 52 நாய்களுடன் துருவத்துக்கு வெளிக்கிட்டார்கள். நவம்பரில், மலையேறி முடிந்த இடத்தில், 24 நாய்களைச் சுட்டார்கள். மிச்ச நாய்களுக்கும் மனிதருக்கும் அந்த இறைச்சியே உணவு. இது முன்கூட்டியே போட்ட கணக்கு. வெடிச்சத்தம் கேளாதிருக்க, அமுண்ட்சன் கூடாரத்துக்குள் அடுப்பை இரையவிட்டாராம். டிசம்பர் 14இல் துருவத்தை அடைந்தார்கள். அந்த 52இல் தளத்துக்குத் திரும்பியவை 11 மட்டுமே.

நாயின் குணத்தை நன்கறிந்தவர்களே இதையும் செய்தார்கள். அவர்களுக்கு நாய் வேலைக்கான துணை. எங்கள் வீட்டு நாயிடம் நாங்கள் வேலை வாங்குவதில்லை. ஆனாலும் நேரத்துக்குச் சாப்பாடு, நனையாத படுக்கை, பழகிய ஆள் என்ற மூன்றும் அதற்கும் வேண்டும். பிக்டொய் போகும்போது கப்பலின் மேல்தளத்தில் ஏறி நின்று, அந்த நாய்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.