ஊர்வு

சுமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் நாள்பட நாள்பட ஒரு பொருள் மெல்ல உருமாறிக்கொண்டே போனால், பொறியியலில் அதற்கு ஊர்வு என்று பெயர். ‘ஊர்’ என்ற வினையடியில் பிறந்த சொல். ஊர்வன, ஊர்தி எல்லாம் இதன் உடன்பிறப்புகள். (வல்லின றகரம் போட்டால் ஊறிப்போய்விடும்.) தவழ்வு என்றும் சிலர் எழுதுகிறார்கள், குழந்தை நினைப்பு வருவதால் எனக்கு அது ஒட்டவில்லை.

சைபீரியா, அலாஸ்கா உறைமண்ணில் கட்டடம் எழுப்புவோருக்கு ஊர்வு பெரிய தலைவலி. கல்லாய் இறுகிய அந்த மண்ணிலும் துகள்களைச் சுற்றி உறையாத நீர் மெல்லிய படலமாக இருக்கும். சுமை அழுத்தும் இடங்களில் பனிக்கட்டி உருகும். அந்த நீர் அழுத்தம் குறைந்த பக்கம் நகர்ந்து மீண்டும் உறையும். துகள்கள் இடம் மாறும். தொடக்கத்தில் ஊர்வின் வேகம் தணியும், பிறகு ஏறக்குறையச் சீராகும். சுமை மிகுதியென்றால் கடைசியில் வேகமெடுத்து மண் முறியும்.

கணிப்பு மாதிரிகளில் சீரான கட்டத்து ஊர்வு வேகத்தைத் தகைவின் (ஓரலகுப் பரப்பில் விழும் விசையின்) அடுக்காக எழுதுவது வழக்கம். பனிக்கட்டிக்கு அந்த அடுக்கு சுமார் 3 என்று ஆய்வாளர் கிளென் 1955-இல் காட்டினார்: தகைவு இரட்டித்தால் வேகம் எட்டு மடங்கு. உறைமண்ணில் இந்த எண் மண்வகையையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறும். பூஜ்யம் டிகிரிக்குச் சற்றே கீழே நிற்கும் களிமண்தான் மிக மோசம். பெயர்தான் உறைமண், உள்ளே நீர் தாராளம்.