பாடப் பட்டியலில் ஒரு பதிவு

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் பள்ளி மாணவர்களும் சேரலாம். அங்கே உளவியல் அறிமுகப் பாடத்துக்கான பதிவு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

பி.எஸ்.ஒய்.சி. சி1000, உளவியல் அறிமுகம். 3 யூனிட். விரிவுரை 54 மணி. முன்தேவை இல்லை. லெட்டர் கிரேடு. மாற்றல்: சி.எஸ்.யூ., யூ.சி. கால்-கெட்சி பகுதி 4.

சி1000: முன்பு ஒரே பாடத்துக்கு ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வோர் எண் கொடுத்திருந்தது. 2021-இல் வந்த ‘ஏ.பி. 1111’ என்ற மாநிலச் சட்டம் அதை மாற்றியது. எண்ணுக்கு முன்னால் ‘சி’ இருந்தால் அது எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான எண்.

3 யூனிட்: கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். பள்ளியில் படித்தபடியே சேருபவர்களுக்குப் பல கல்லூரிகள் அதையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன. புத்தகச் செலவு தனி.

விரிவுரை 54 மணி: இது வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும். ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வீட்டுப் படிப்பு என்பது கல்லூரிக் கணக்கு. ஆக மொத்தம் 162 மணி. 18 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 9 மணி என்றால் சமாளித்துவிடலாம். அதையே 6 வாரக் கோடை வகுப்பில் திணித்தால் வாரத்துக்கு 27 மணி. “லீவுல சும்மாதானே இருக்கா” என்று சேர்த்துவிடும் பெற்றோர் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நல்லது.

லெட்டர் கிரேடு: பதிவிலேயே கனமான சொற்கள் இவைதான். பள்ளியில் எழுதும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வில் 2 வாங்கினால் அதை அனுப்பாமல் விட்டுவிடலாம். கல்லூரி கிரேடை அப்படி மறைக்க வழியில்லை. நிரந்தரப் பதிவில் ஏறிவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யூ.சி.) விண்ணப்பத்தில் கல்லூரியில் எடுத்த எல்லாப் பாடங்களையும் குறிப்பிட்டாக வேண்டும். குறித்த தேதிக்குள் விலகினால் சுவடே இருக்காது. தாண்டிவிட்டால் விலகியதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ விழும். இன்னொன்று: பிள்ளைக்கு 15 வயதே ஆனாலும் கல்லூரிப் பதிவின் மீதான உரிமை பிள்ளையுடையது. பேராசிரியரிடம் போய், “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்கும் உரிமை பெற்றோருக்குத் தானாக வருவதில்லை. நம் வீடுகளில் பலருக்கு இது ஜீரணமாகாது.

மாற்றல்: சி.எஸ்.யூ., யூ.சி.: கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் (சி.எஸ்.யூ.), யூ.சி. ஆகிய இரு அமைப்புகளும் யூனிட்டை ஏற்கும் என்பதற்கு மேல் இந்த வரி எதையும் சொல்வதில்லை. எடுக்கப்போகும் துறையில் அந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும். தனியார், வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த விதி உண்டு. பள்ளித் தேர்ச்சிக்கு ஏற்கெனவே கணக்கில் எடுத்த பாடத்துக்குச் சில இடங்களில் யூனிட் கிடையாது.

கால்-கெட்சி பகுதி 4: சமூக, நடத்தை அறிவியல். பார்க்கக் கவர்ச்சியான வரிதான். ஆனால் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு மாறிப் போகிறவர்களை மனத்தில் வைத்து வகுத்த பொதுக்கல்வித் திட்டம்தான் கால்-கெட்சி. பள்ளி முடித்ததும் நேராக யூ.சி.யில் முதலாமாண்டு சேர்கிறவருக்கு அந்த வளாகத்தின் பொதுக்கல்வி விதிதான் செல்லும். எனவே பிள்ளை போக விரும்பும் வளாகத்தின் விதியைப் பார்த்த பிறகே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.