கண்டெடுத்தவர் உரிமையாளர் ஆவாரா?

விருதுநகர் மாவட்டத்தின் தாயில்பட்டியைப் பட்டாசுத் தொழிலால்தான் பலரும் அறிவர். அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில், வைப்பாற்றங்கரையை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், பொன் அணிகலன்கள் எனப் பழந்தமிழர் வாழ்வின் சான்றுகள் அங்கே வெளிப்பட்டன. இத்தகைய மண்ணில் கூலிக்கு வேலை செய்யும் ஒருவரது மண்வெட்டியில் ஒரு பொன்மணி தட்டுப்பட்டால், அது யாருக்குச் சொந்தம்?

வழியில் கண்டெடுக்கும் பொருளை மார்க்கச் சட்டம் 'லுகதா' என்கிறது. அதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, பொருளின் பையையும் கட்டுக்கயிற்றையும் நன்கு அறிந்துகொண்டு ஓராண்டுக் காலம் அறிவிப்புச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அறிவிக்கிறார்கள். ஓராண்டுக்குப் பின் எடுத்தவரே பயன்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹப். வசதியுள்ளவர் அதைத் தர்மம் செய்துவிட வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹப். உரியவர் பின்னர் வந்து கேட்டால் அவரது உரிமை அழிவதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

மண்ணுக்குள் கிடைக்கும் பண்டைய புதையலோ 'ரிகாஸ்' எனப்படும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கடமையாகும். இதை மட்டும் கேட்டறிந்த சிலர், எஞ்சிய நான்கு பங்கும் எடுத்தவருக்கே என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் பிறர் நிலத்தில் கிடைத்ததை எடுத்தவருக்கே உரியதென ஃபிக்ஹு நூல்கள் பொதுவாகக் கூறுவதில்லை. மேலும், நாம் குடிமக்களாக ஏற்று வாழும் நாட்டின் சட்டமும் ஓர் ஒப்பந்தமே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது திருக்குர்ஆன் இட்ட கட்டளை.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆட்சியர் அதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டு, உரிமை கோருவோர் முன்வர 4 முதல் 6 மாதங்கள் வரை அவகாசம் தருவார். எடுத்தவருக்கும் நிலத்தின் உரிமையாளருக்கும் உரிய பங்கை அதே சட்டம் வகுத்துள்ளது. மறைப்பவருக்குத் தண்டனையையும் விதிக்கிறது.

மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும் இங்கே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன: கண்டெடுத்தவரின் முதற்கடமை, மறைக்காமல் அறிவிப்பது. பையையும் கயிற்றையும் கவனிக்கச் சொன்னது, உரியவரை அடையாளம் காண்பதற்காக. தொல்லியலாளர் பொருள் கிடந்த ஆழத்தையும் மண்ணடுக்கையும் குறித்துக்கொள்வதும் அதன் வரலாற்றை அடையாளம் காண்பதற்காகவே. இரவோடிரவாகப் பெயர்த்தெடுத்து விற்கப்பட்ட மணி, பொன்னாக மட்டுமே எஞ்சும். அதன் சாட்சியம் அழிந்துபோகும்.

பேருந்தில் கிடந்த பணப்பைக்கு உரியவர் இன்றோ நாளையோ தேடி வரக்கூடும். கரிசல் மண்ணில் கிடந்த மணியை அணிந்தவர் இனி வரப்போவதில்லை. எனினும், அவரது வாழ்வை அறியும் உரிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு. கேட்க ஆளில்லாத பொருளும் நம் கையில் அமானிதமே. அதைக் குறித்து மறுமையில் கேட்பவன் இருக்கிறான்.